மேற்கோளை எண்ணும் முன் பட்டியலைச் சரிபாருங்கள்: புற்றுநோய் ஆய்வாளர் ஒருவரின் தாக்கத்தை அளக்கும் வழி

யாராவது ஒரு புற்றுநோய் ஆய்வாளரின் பெயரைக் கொடுத்து "இவர் எப்படி, பெரிய ஆளா?" என்று கேட்டால் நம்மில் முக்கால்வாசிப் பேர் செய்வது ஒன்றுதான். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்காலரைத் திறப்போம், பெயரைத் தட்டுவோம், ஓரத்தில் இருக்கும் சின்னப் பெட்டியில் ஹெச்-இண்டெக்ஸ் (அவர் கட்டுரைகளை மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்பதை வைத்துப் போடும் ஒற்றை எண், கணக்கைக் கீழே சொல்கிறேன்) எவ்வளவு என்று பார்ப்போம், அதைச் சொல்லிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவோம். நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். ஒருமுறை ஒரு தேர்வுக் குழுவுக்காக ஒருவரைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பு தயாரித்துக் கொடுத்தபோது, குழுவில் இருந்த ஒருவர் கட்டுரைப் பட்டியலைப் புரட்டிவிட்டு "இவர் எலும்பு முறிவு பற்றி எப்போது எழுதினார்?" என்று கேட்டார். அவர் எழுதவே இல்லை. அதே பெயரில் இருந்த இன்னொருவர் எழுதியது. இரண்டு பேரின் கட்டுரைகளும் ஒரே பக்கத்தில் கலந்து கிடந்ததை நான் கவனிக்கவில்லை. பிரித்துப் பார்த்தால் எண் கிட்டத்தட்ட பாதியாகிவிட்டது. அன்றைக்கு என் முகம் போன போக்கை நல்லவேளை யாரும் படம் எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் பழகிக்கொண்ட முறையைத்தான் கீழே எழுதுகிறேன். ஒரு ஆளுக்கு ஒழுங்காகச் செய்ய முழுதாக ஒரு நாள் பிடிக்கும். அதில் பாதி, பட்டியலைச் சுத்தம் செய்வதிலேயே போகும். எரிச்சலான வேலைதான், ஆனால் அதை விட்டுவிட்டு மேலே என்ன கணக்குப் போட்டாலும் வீண்.

முதலில் பட்டியல்

அந்த ஆய்வாளருக்கு ஆர்க்கிட் எண் இருக்கிறதா என்று பாருங்கள். 2012 முதல் ஆய்வாளர்களுக்குக் கொடுக்கப்படும் 16 இலக்க அடையாள எண் அது. பெயர் எத்தனை பேருக்கு ஒன்றாக இருந்தாலும் எண் ஒருவருக்குத்தான். பிரச்சினை என்னவென்றால், பலர் எண்ணை வாங்கிவிட்டு அந்தப் பக்கத்தை அப்படியே போட்டுவிடுகிறார்கள், பத்து வருடமாக ஒரு கட்டுரைகூடச் சேர்த்திருக்க மாட்டார்கள். அதனால் ஆர்க்கிட்டை மட்டும் நம்ப வேண்டாம். மருத்துவக் கட்டுரைகளுக்கான இலவசத் தேடுதளமான பப்மெட்டில் பெயரோடு நிறுவனத்தின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள், பணம் கட்டிப் பார்க்கும் மேற்கோள் தளமான ஸ்கோபஸில் ஆசிரியர் பக்கம் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், அதுபோன்ற இலவசத் தளமான ஓப்பன்அலெக்ஸிலும் பாருங்கள். மூன்றையும் ஒரு விரிதாளில் கொட்டி, ஒவ்வொரு கட்டுரைக்கும் தனியாக உள்ள டிஓஐ அடையாள எண்ணை வைத்து இரட்டைப் பதிவுகளை நீக்குங்கள்.

பெயர் விஷயத்தில் கொஞ்சம் சந்தேகப் பிராணியாகவே இருக்கலாம். திருமணத்துக்குப் பின் பெயர் மாற்றியவர்கள் இருக்கிறார்கள். முதலெழுத்தை ஒரு கட்டுரையில் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் போட்டவர்கள் இருக்கிறார்கள். வாங், ஜாங், கிம் மாதிரிப் பெயர்களில் ஒரே மருத்துவமனையில் ஒரே துறையிலேயே இரண்டு மூன்று பேர் இருப்பது சாதாரணம். ஒரு கட்டுரை இவருடையதுதானா என்று சந்தேகம் வந்தால் மூன்றைப் பாருங்கள்: அந்த வருடம் அவர் அந்த நிறுவனத்தில் இருந்தாரா, கூட எழுதியவர்களில் பழக்கமான பெயர் ஏதாவது இருக்கிறதா, தலைப்பு அவர் போகும் பாதையில் வருகிறதா. மூன்றில் குறைந்தது இரண்டுகூடப் பொருந்தாவிட்டால் தனியே ஒதுக்கிவையுங்கள், பிறகு அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

இப்போது ஒவ்வொரு கட்டுரைக்கும் எதிரே நான்கு விஷயங்களை எழுதவேண்டும். என்ன வகை: அசல் ஆய்வா, ரிவ்யூவா (மற்றவர்களின் ஆய்வுகளைத் தொகுத்து எழுதுவது), மருத்துவப் பரிசோதனையின் முடிவா, சிகிச்சை வழிகாட்டியா, ஒற்றை நோயாளி பற்றிய அறிக்கையா, ஆசிரியருக்குக் கடிதமா. மொத்தம் எத்தனை ஆசிரியர்கள். அதில் இவர் எத்தனாவது. தொடர்பு ஆசிரியர், அதாவது கட்டுரை பற்றிய கடிதங்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பாளர், இவரா. புற்றுநோய் உள்பட மருத்துவ உயிரியல் துறைகளில் முதல் பெயர் பெரும்பாலும் வேலையைச் செய்தவருடையது, கடைசிப் பெயர் ஆய்வகத்தையோ பரிசோதனையையோ நடத்தியவருடையது, நடுவில் இருப்பவர்கள் பங்களித்தவர்கள். எழுதிவைத்த சட்டம் இல்லை, ஆனால் எல்லோரும் அப்படித்தான் படிக்கிறார்கள். "இருவரும் சமமாகப் பங்களித்தனர்" என்று நட்சத்திரக் குறி போட்டிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள், பாவம், இரண்டாவதாக நிற்பவர் அந்தக் குறிக்காக எவ்வளவு பேசியிருப்பாரோ.

ஒரு சிறிய பொறி. புற்றுநோய் மாநாடுகளில் படிக்கப்படும் சுருக்கங்கள் ஆய்விதழ்களின் இணைப்பிதழ்களாக வெளிவரும். அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கத்தின் மாநாட்டுச் சுருக்கங்கள் ஜர்னல் ஆஃப் கிளினிக்கல் ஆன்காலஜியின் இணைப்பாக வருவது இப்படித்தான். ஒரே பரிசோதனை முதலில் சுருக்கமாகவும் பிறகு முழுக் கட்டுரையாகவும் வந்து, கூகுள் ஸ்காலரில் இரண்டும் தனித்தனியாக மேற்கோள் வாங்கிக்கொண்டு நிற்கும். பட்டியல் நீளமாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். சுருக்கங்களைத் தனி அடுக்கில் வையுங்கள்.

எந்தத் தளத்தின் எண்?

மேற்கோள்களை எண்ணுகிற பழக்கத்தை முறையாகத் தொடங்கிவைத்தவர் யூஜின் கார்ஃபீல்ட், அவருடைய சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ் 1964-ல் வந்தது. இன்றைய வெப் ஆஃப் சயின்ஸ் அதன் வழி வந்ததுதான். எந்தக் கட்டுரையை யார் பின்தொடர்ந்தார்கள் என்று தேடிக் கண்டுபிடிக்க உண்டான கருவி அது. ஆளை எடைபோடும் தராசாக ஆனது பிற்பாடு.

ஒரே கட்டுரைக்கு வெப் ஆஃப் சயின்ஸ் ஒரு எண் சொல்லும், ஸ்கோபஸ் ஒன்று சொல்லும், கூகுள் ஸ்காலர் பெரும்பாலும் எல்லாவற்றையும்விடக் கூடச் சொல்லும். ஸ்காலர் ஆய்வேடுகளையும், இதழில் வருமுன் இணையத்தில் போடும் முன்பதிப்புகளையும், யாரோ எங்கோ ஏற்றிவைத்த பிடிஎஃப்களையும்கூட எண்ணிக்கொள்ளும். அதை ஏமாற்றுவது எவ்வளவு சுலபம் என்று காட்ட பிரான்ஸைச் சேர்ந்த சிரில் லாபே 2010-ல் ஒரு வேலை செய்தார். ஐக் அன்ட்கேர் என்று இல்லாத ஒரு விஞ்ஞானியை உருவாக்கி, கணினி எழுதிய நூற்றுச் சொச்சம் போலிக் கட்டுரைகளை ஒன்றையொன்று மேற்கோள் காட்டும்படி இணையத்தில் போட்டார். அந்த இல்லாத மனிதரின் ஹெச்-இண்டெக்ஸ் 94-க்குப் போய்விட்டது.

பணம் கட்டும் தளங்கள் உங்களுக்குக் கிடைக்குமானால் ஸ்கோபஸ் அல்லது வெப் ஆஃப் சயின்ஸ், கிடைக்காவிட்டால் ஓப்பன்அலெக்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓப்பன்அலெக்ஸ் 2022-ல் தொடங்கியது, முழுக்க இலவசத் தரவு. கட்டுரைகள் பப்மெட்டில் இருந்தால் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ஐசைட் என்ற இலவசக் கருவியும் உண்டு, அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். முக்கியமான ஒன்று: ஒரு தளத்தைப் பிடித்தால் கடைசிவரை அதையே பிடியுங்கள். ஒருவருக்கு ஸ்காலர் எண், அவரோடு ஒப்பிடுகிறவருக்கு ஸ்கோபஸ் எண் என்று எடுப்பது ஒருவரைச் செருப்போடும் இன்னொருவரை வெறுங்காலோடும் நிறுத்தி உயரம் பார்ப்பது மாதிரி. எடுத்த தேதியையும் குறித்துவையுங்கள், அடுத்த மாதம் எண் மாறியிருக்கும்.

கணக்கு

ஹெச்-இண்டெக்ஸை 2005-ல் கொண்டுவந்தவர் ஹோர்ஹே ஹிர்ஷ், அவர் ஒரு இயற்பியலாளர். கட்டுரைகளை மேற்கோள் அதிகமாக உள்ளதிலிருந்து குறைவாக உள்ளது வரை அடுக்கி மேலிருந்து எண்ணிக்கொண்டே வரவேண்டும். வரிசை எண்ணைவிட மேற்கோள் குறைந்துபோகும் இடத்துக்கு ஒரு படி மேலே நிற்கும் வரிசை எண்தான் ஹெச். கற்பனையாக ஒருவரை எடுத்துக்கொள்வோம், அவருக்கு 11 கட்டுரைகள், மேற்கோள்கள் இப்படி: 310, 95, 60, 41, 22, 14, 9, 7, 7, 3, 1. ஏழாவது கட்டுரைக்கு 9 மேற்கோள், சரி. எட்டாவதற்கு 7தான், எட்டைவிடக் குறைவு. ஆகவே ஹெச் 7. மொத்த மேற்கோள் 569.

இப்போது அந்த 310 மேற்கோள் கட்டுரையைத் திறந்து பாருங்கள். அது பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஒரு மருந்துப் பரிசோதனை, 62 ஆசிரியர்கள், நம் ஆள் 37-ஆவது என்று வைத்துக்கொள்வோம். சில நோயாளிகளைச் சேர்த்துக் கொடுத்திருப்பார், நல்ல வேலைதான், ஆனால் அந்த 310-ஐ முழுதாக அவர் கணக்கில் எழுத யாருக்கும் மனம் வராது. பங்குபோட்டு எண்ணினால், அதாவது மேற்கோளை ஆசிரியர்களின் எண்ணிக்கையால் வகுத்தால், அவருக்கு வருவது 5. அந்தக் கட்டுரையையே எடுத்துவிட்டால் மொத்தம் 569-லிருந்து 259-ஆகச் சரிகிறது, பாதிக்கும் கீழே. ஆனால் ஹெச் என்ன ஆகிறது? மறுபடி எண்ணிப் பாருங்கள்: 95, 60, 41, 22, 14, 9, 7. ஏழாவதற்கு ஏழு. ஹெச் அதே 7. அசையவே இல்லை.

இதனால்தான் ஒற்றை எண்ணை நம்பாதீர்கள் என்கிறேன். மொத்த மேற்கோள் ஒரே ஒரு பெரிய கட்டுரையால் வீங்கிவிடும். ஹெச்-இண்டெக்ஸோ அந்தப் பெரிய கட்டுரை இருப்பதையும் கவனிக்காது, இல்லாததையும் கவனிக்காது. ஒருவர் நிஜமாகவே உலகை மாற்றிய ஒரு கட்டுரையை எழுதியிருந்தாலும் ஹெச்சுக்கு அது வெறும் ஒன்று. போதாததற்கு ஹெச் ஒருபோதும் இறங்காது, ஆய்வை விட்டு விலகி நிர்வாகத்துக்குப் போனவருக்கும் ஏறிக்கொண்டேதான் இருக்கும். முதல் கட்டுரையிலிருந்து எத்தனை வருடம் ஆயிற்றோ அதால் ஹெச்சை வகுத்துப் பார்க்கலாம், ஓரளவு நியாயம் கிடைக்கும், குழந்தை வளர்ப்புக்காகவோ நோயாலோ இடையில் விட்டவர்களுக்கு அதுவும் நியாயமாக இருக்காது.

நான் செய்வது, மேற்கோள்களை மூன்று குவியலாகப் பிரிப்பது. முதல் ஆசிரியராகவோ கடைசி ஆசிரியராகவோ தொடர்பு ஆசிரியராகவோ இருந்தவை ஒன்று, பத்துப் பதினைந்து பேருக்குள் நடுவில் இருந்தவை இரண்டு, பெருங்கூட்டத்தில் ஒருவராக இருந்தவை மூன்று. ஒவ்வொரு குவியலுக்கும் தனி ஹெச், தனி நடுமதிப்பு (வரிசையாக அடுக்கினால் நட்டநடுவில் நிற்கும் எண்). இதே யோசனையைப் பெரிய அளவில் செய்தவர் ஜான் அயோனிடிஸ். 2019 முதல் அவர் குழு வெளியிடும் உலகின் முன்னணி விஞ்ஞானிகள் பட்டியலில் தனியாக எழுதியவை, முதல் ஆசிரியராக எழுதியவை, கடைசி ஆசிரியராக எழுதியவை எல்லாம் கணக்கில் சேர்கின்றன. தன் கட்டுரையைத் தானே காட்டும் தன்மேற்கோளை நீக்கியும் ஒரு எண் இருக்கும். "உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானி" என்று ஆண்டுதோறும் வாழ்த்துப் பலகைகள் கிளம்புகிறதே, அதன் மூலம் இந்தப் பட்டியல்தான்.

எதோடு ஒப்பிடுவது

120 மேற்கோள் என்பது அதிகமா குறைவா? தனியாகக் கேட்டால் இதற்குப் பதில் கிடையாது. அரிய எலும்புப் புற்றுநோய் பற்றி எழுதுகிறவருக்கு அது மலை. மார்பகப் புற்றுநோயில் ஒரு பெரிய மருந்துப் பரிசோதனைக்கு அது ஏமாற்றம். உயிர் அறிவியலில் ஹெச் எண்கள் இயற்பியலைவிட உயரமாக வரும் என்று ஹிர்ஷே தன் முதல் கட்டுரையில் சொல்லியிருக்கிறார். புற்றுநோய்க்கு உள்ளேயே அடிப்படை உயிரியல், கதிர்வீச்சு இயற்பியல், நோய்ப்பரவலியல், நோய்தணிப்புப் பராமரிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு தட்பவெப்பம்.

கட்டுரை வகையும் அப்படித்தான். கட்டி சுருங்கியதா வளர்ந்ததா என்பதை ஸ்கேனில் எப்படி அளப்பது என்று சொல்லும் ரெசிஸ்ட் 1.1 வரையறைகள் 2009-ல் வந்தன. அதற்குப் பின் திடக்கட்டிகளில் மருந்துப் பரிசோதனை செய்கிற கிட்டத்தட்ட எல்லோரும் அதை மேற்கோள் காட்டுகிறார்கள். அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் சிஏ ஆய்விதழில் புற்றுநோய்ப் புள்ளிவிவரங்கள் வருகின்றன. "இந்தப் புற்றுநோயால் ஆண்டுக்கு இத்தனை பேர்" என்று முதல் வரி எழுதுகிற ஒவ்வொருவரும் அதைத்தான் காட்டுவார்கள். அந்த ஒரு பழக்கத்தால் அந்த இதழின் இம்பாக்ட் ஃபேக்டர், அதாவது இதழின் ஒரு கட்டுரைக்குச் சராசரியாகக் கிடைக்கும் மேற்கோள், சில ஆண்டுகளில் 500-ஐயே தாண்டியிருக்கிறது. அந்த இதழில் எழுதியிருக்கிறார் என்பதற்காக ஒருவரின் எல்லாக் கட்டுரைக்கும் 500 மரியாதை கொடுக்க முடியுமா? இதழின் சராசரியைத் தூக்கி ஆளின் தலையில் வைக்காதீர்கள் என்று 2012-ல் சான் பிரான்சிஸ்கோவில் எழுதத் தொடங்கிய டோரா பிரகடனம் சொல்வதும் இதைத்தான். இம்பாக்ட் ஃபேக்டரை நான் குறிப்பில் எழுதுவதே இல்லை, யாராவது கேட்டால் மட்டும் சொல்வேன்.

ஹனஹான், வைன்பெர்க் இருவரும் 2000-ல் செல் இதழில் எழுதிய புற்றுநோயின் அடையாளக் குறிகள் கட்டுரை ஒரு ரிவ்யூதான், அதில் புதிய சோதனை ஒன்றும் கிடையாது, ஆனால் ஒரு துறையே எப்படி யோசிக்கவேண்டும் என்பதை மாற்றியது. ஆகவே ரிவ்யூ என்றாலே தள்ளிவிட வேண்டியதில்லை. தனியாக எண்ணுங்கள், அவ்வளவுதான்.

ஒப்பிடும் வேலைக்குத்தான் ஐசைட். அது ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒப்பீட்டு மேற்கோள் விகிதம் என்று ஒரு எண் தரும். அந்தக் கட்டுரையோடு சேர்த்து மேற்கோள் காட்டப்படும் மற்ற கட்டுரைகளை வைத்து அதன் துறை எது என்று தானே ஊகித்து, அந்தத் துறையில் ஆண்டுக்கு எதிர்பார்க்கத்தக்க மேற்கோளோடு ஒப்பிடும். தேசிய சுகாதார நிறுவனத்தின் நிதியில் வந்த கட்டுரைகளை அளவுகோலாக வைத்து, அவற்றின் நடுமதிப்பு 1 என்று கொள்கிறார்கள். பப்மெட் எண்களை ஒட்டினால் அட்டவணை வந்துவிடும். ஸ்கோபஸில் இதற்கு இணையாகத் துறைவாரியாகச் சரிசெய்த மேற்கோள் தாக்கம் என்று ஒன்று இருக்கிறது, அதில் 1 என்பது உலகச் சராசரி. எதை எடுத்தாலும் சராசரியை எழுதாமல் நடுமதிப்பை எழுதுங்கள், மேலே பார்த்த 310 மாதிரி ஒரு கட்டுரை சராசரியைத் தனியாளாகத் தூக்கிவிடும்.

காலத்தையும் கொஞ்சம் நினைவில் வைக்கவேண்டும். கோழிக்கு வரும் ஒரு கட்டி வைரஸால் பரவுகிறது என்று பேட்டன் ரௌஸ் எழுதியது 1911-ல், நோபல் பரிசு கிடைத்தது 1966-ல். நோயெதிர்ப்பு செல்களைக் கட்டிப்போடும் சிடிஎல்ஏ-4 என்ற தடுப்பானை அடைத்தால் எலிகளில் கட்டி கரைகிறது என்று ஜேம்ஸ் ஆலிசன் குழு எழுதியது 1996-ல். அதன் வழி வந்த இபிலிமுமாப் மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி 2011-ல், நோபல் 2018-ல். இரண்டு வருடக் கட்டுரைக்கு மேற்கோள் இல்லை என்று முகம் சுளிப்பதற்கு முன் இதை யோசியுங்கள். பத்துக் கட்டுரைகூட இல்லாத இளம் ஆய்வாளர் என்றால் நான் ஹெச் போடுவதே இல்லை. இருக்கிற கட்டுரைகளை உட்கார்ந்து படித்துவிடலாம், அதற்கு ஆகும் நேரம் குறைவு.

யார், எதற்காகக் காட்டினார்கள்

பெரும்பாலான குறிப்புகளில் விடுபட்டுப் போவது இந்தப் பகுதிதான், எனக்கு ஆர்வமானதும் இதுதான். மேற்கோள் என்பது பாராட்டு அல்ல, "இதைப் பார்த்தேன்" என்ற ஒரு கைகாட்டல் மட்டுமே.

முதலில் தன்மேற்கோளை எடுங்கள். தன் முந்தைய வேலையைக் காட்டுவது இயல்பு, படிப்படியாக ஒரே கேள்வியைத் துரத்துகிறவர் காட்டித்தான் ஆகவேண்டும். விகிதம் அசாதாரணமாக உயர்ந்தால் மட்டும் நின்று பாருங்கள். இணையாசிரியர்கள் காட்டியவற்றையும் சேர்த்து எடுத்துவிட்டுப் பார்த்தால் வெளியே யார் படிக்கிறார்கள் என்பது தெரியும்.

அப்புறம், அதிகம் மேற்கோள் பெற்ற மூன்று நான்கு கட்டுரைகளை எடுத்து, ஒவ்வொன்றையும் மேற்கோள் காட்டியவற்றிலிருந்து ஒரு இருபது முப்பதை எழுந்தமானமாக எடுங்கள். அந்த வரியைத் தேடிப் படியுங்கள். அறிமுகத்தில் ஐந்து பேரோடு ஒரே அடைப்புக்குறிக்குள் தள்ளிவிட்டுப் போயிருக்கிறார்களா? இவருடைய முறையை எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார்களா? முடிவை மறுபடி செய்து சரியென்றோ தவறென்றோ சொல்லியிருக்கிறார்களா? முப்பதில் நான்கு பேர் முறையை எடுத்துக்கொண்டிருந்தால்கூட அது பெரிய விஷயம்.

தவறென்று காட்டுவதற்காக மேற்கோள் காட்டியதும் எண்ணில் கூடத்தான் செய்யும். டியூக் பல்கலைக்கழகத்திலிருந்து 2006-ல் ஒரு கட்டுரை வந்தது, கட்டியின் மரபணு வெளிப்பாட்டை வைத்து எந்தக் கீமோதெரபி மருந்து பலிக்கும் என்று முன்கூட்டியே சொல்லலாம் என்றது. நிறைய மேற்கோள் வாங்கியது. புள்ளியியலாளர்கள் கீத் பேகர்லியும் கெவின் கூம்ப்ஸும் தரவை எடுத்து மறுபடி கணக்குப் போட்டு, பிழைகளை அடுக்கி 2009-ல் எழுதினார்கள். 2011-ல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. பேகர்லியும் கூம்ப்ஸும் எழுதிய அந்த மறுப்பும் மேற்கோள் கணக்கில் ஒரு மேற்கோள்தான்! எனவே பட்டியலில் உள்ள எல்லாக் கட்டுரையையும், திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைத் தொகுத்துவைக்கும் ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், கிராஸ்ரெஃப் நிறுவனம் 2023-ல் அதை வாங்கி எல்லோருக்கும் திறந்துவிட்டது. கட்டுரைக் குறிப்புகளைச் சேர்த்துவைக்கும் ஸோடெரோ மென்பொருள் வைத்திருந்தால் அதுவே சிவப்புப் பட்டையோடு எச்சரிக்கும். திரும்பப் பெற்றது நேர்மையான பிழைக்காகவா மோசடிக்காகவா என்பதை அறிவிப்பைப் படித்துத் தெரிந்துகொண்ட பிறகே எழுதுங்கள்.

நேர்மாறான நிலையும் உண்டு. கப்லான், மேயர் இருவரும் 1958-ல் கொடுத்த உயிர்வாழ்வு வளைகோடு இல்லாமல் இன்று ஒரு புற்றுநோய்ப் பரிசோதனைக் கட்டுரை கிடையாது. அவ்வளவு பழகிப்போனதால் எத்தனையோ பேர் மூலக் கட்டுரையை மேற்கோளே காட்டுவதில்லை.

மருத்துவமனைப் படுக்கைவரை போனதா என்று பார்க்க மேற்கோள் எண் உதவாது. அமெரிக்காவின் என்சிசிஎன், ஐரோப்பாவின் எஸ்மோ மாதிரி அமைப்புகள் வெளியிடும் சிகிச்சை வழிகாட்டிகளின் குறிப்புப் பட்டியலில் பெயர் வருகிறதா என்று தேடுங்கள். மருத்துவப் பரிசோதனைகளைப் பதிவுசெய்யும் கிளினிக்கல்ட்ரையல்ஸ் இணையப் பதிவேட்டில் அவர் தலைமை ஆய்வாளராக இருக்கும் பரிசோதனைகளைத் தேடுங்கள், முடிந்தும் முடிவு வெளியிடாதவை எத்தனை என்பதையும் சேர்த்து. லென்ஸ் தளத்தில் அவர் கட்டுரையைக் காட்டும் காப்புரிமைகள் கிடைக்கும். ஐசைட்டிலும் மருத்துவக் கட்டுரைகள் எத்தனை இதைக் காட்டியிருக்கின்றன என்று தனியாக ஒரு நிரல் இருக்கிறது. சமூக ஊடகத்தில் எத்தனை பேர் பகிர்ந்தார்கள் என்கிற எண்ணும் கிடைக்கும், அதை நான் விட்டுவிடுகிறேன்.

கூட்டுவேலை

ஒருவர் யாரோடு வேலை செய்கிறார் என்பதை வரைந்து பார்க்க விஓஎஸ்வியூவர் போதும். லெய்டன் பல்கலைக்கழகத்தில் செய்த இலவச மென்பொருள் அது. ஸ்கோபஸிலிருந்தோ வெப் ஆஃப் சயின்ஸிலிருந்தோ ஏற்றுமதி செய்த கோப்பைக் கொடுத்து, இணையாசிரியர் வரைபடம் என்று தேர்ந்தெடுத்தால் புள்ளிகளும் கோடுகளுமாக வந்துவிடும். வண்ணவண்ணமாக இருக்கும், பார்க்கிறவர்கள் அசந்துபோவார்கள். அதில்தான் ஆபத்து.

மறுபடி அந்த 62 ஆசிரியர் கட்டுரையை எடுங்கள். அதில் ஒவ்வொருவரையும் மற்ற எல்லோரோடும் இணைத்தால் ஒரே கட்டுரையிலிருந்து 1,891 கோடுகள். ஐந்து பேர் எழுதிய கட்டுரைக்கு 10 கோடுகள்தான். வரைபடத்தில் பெரிய பந்தாகத் தெரிவது பெரும்பாலும் இந்த மாதிரி ஒரு பரிசோதனைதான், அந்த 62 பேரில் பாதிப்பேர் ஒருவரையொருவர் பார்த்தேகூட இருக்கமாட்டார்கள். 2020-ல் நேச்சரில் வந்த பான்-கேன்சர் முழுமரபணுத் தொகுப்பு ஆய்வில் 1,300 பேருக்கு மேல் பங்கெடுத்தார்கள், அதைக் கோடு போட்டால் திரையே கறுத்துவிடும். இதற்காகவே விஓஎஸ்வியூவரில் ஆசிரியர் அதிகமுள்ள ஆவணங்களை ஒதுக்க ஒரு தேர்வு இருக்கிறது, 25 என்று அதில் ஏற்கெனவே போட்டிருக்கும். பங்குபோட்டு எண்ணும் தேர்வும் இருக்கிறது. இரண்டையும் போட்டு ஒரு படம், போடாமல் ஒரு படம் எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். ஒரே ஆளின் பெயர் இரண்டு விதமாக வந்தால் ஒன்றாக்க ஒரு மாற்றுச்சொல் கோப்பு கொடுக்கலாம், முதலில் பட்டியலைச் சுத்தம் செய்தவருக்கு அது ஐந்து நிமிட வேலை.

படத்தைவிட எனக்கு உதவியது சில எளிய கேள்விகள்தான், விரிதாளிலேயே விடை கிடைக்கும். மூன்று கட்டுரைக்கு மேல் சேர்ந்து எழுதியவர்கள் எத்தனை பேர்? அவர்கள் எல்லோரும் ஒரே மாடியில் இருக்கிறவர்களா, இல்லை நோயியல், புள்ளியியல், அறுவைச் சிகிச்சை என்று பல பக்கங்களிலிருந்து வருகிறார்களா? முனைவர் பட்ட வழிகாட்டியின் பெயர் இருக்கும் கட்டுரைகளை எல்லாம் எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது, அதில் எத்தனையில் இவர் கடைசி ஆசிரியர்? சொந்தக் காலில் நிற்கிறாரா என்பதற்கு இதைவிட நேரான சோதனை எனக்குத் தெரியாது. அதேபோல இவரிடம் படித்தவர்கள் வெளியே போய்த் தாங்களே கடைசி ஆசிரியர்களாக எழுதுகிறார்களா என்றும் பாருங்கள், எந்த இண்டெக்ஸிலும் வராத தாக்கம் அது.

வலைப்பின்னல் கணக்கில் இடைநிலை மையத்துவம் என்று ஒன்று வரும். இரண்டு கூட்டங்களுக்கு நடுவே இவர் இல்லாவிட்டால் பாதை அறுந்துபோகுமா என்று அது பார்க்கிறது. ஆய்வகத்தில் செல்களை வளர்ப்பவர்களையும் வார்டில் நோயாளியைப் பார்ப்பவர்களையும் சேர்த்துவைக்கிற ஒருவருக்குக் கட்டுரைகள் குறைவாக இருந்தாலும் இந்த எண் உயரமாக வரும். ஆனால் சின்ன வலைப்பின்னலில் ஒரு கட்டுரையைச் சேர்த்தாலே அது தலைகீழாக மாறும், பார்த்துப் பயன்படுத்துங்கள்.

இணையாசிரியராக இருப்பதும் கூட வேலை செய்வதும் எப்போதும் ஒன்றல்ல. துறைத்தலைவர் என்பதால் பெயர் போடப்பட்டவர்கள் இருக்கிறார்கள், கட்டித்திசுக்களைப் பத்து வருடம் சேகரித்துப் பாதுகாத்துக் கொடுத்துவிட்டு நன்றியுரையில் ஒரு வரியோடு போனவர்களும் இருக்கிறார்கள். பல இதழ்கள் இப்போது கிரெடிட் என்ற 14 வகைப் பங்களிப்புப் பட்டியலின்படி யார் என்ன செய்தார் என்று கட்டுரை முடிவில் போடுகின்றன. நம் 37-ஆவது ஆசிரியர் தரவைத் திரட்டினாரா, திட்டத்தையே வகுத்தாரா என்று அங்கே பாருங்கள். பப்மெட்டில் ஆசிரியர் பெயர்களுக்குக் கீழே கூட்டுப்பங்காளர்கள் என்று தனியே ஒரு பட்டியல் சில கட்டுரைகளுக்கு இருக்கும், குழுவின் பெயரில் வந்த பரிசோதனைகளில் உழைத்தவர்கள் அங்கேதான் ஒளிந்திருப்பார்கள்.

எழுதும்போது

ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். நான் எழுதுவது ஏறக்குறைய இப்படி இருக்கும்: "ஓப்பன்அலெக்ஸ் தரவின்படி, இந்தத் தேதியில், 11 கட்டுரைகள், அவற்றில் 5-ல் முதல் அல்லது கடைசி ஆசிரியர். மொத்த மேற்கோள் 569, அதில் 310 ஒரே பல்மையப் பரிசோதனைக்கு உரியவை, அதில் இவர் 62 பேரில் 37-ஆவது. தலைமை வகித்த கட்டுரைகளில் அதிக மேற்கோள் 95. அதைக் காட்டிய 30 கட்டுரைகளைப் படித்ததில் 4 இவருடைய முறையைப் பயன்படுத்தியிருக்கின்றன, 1 முடிவோடு முரண்படுகிறது." எந்த எண்ணுக்கும் பக்கத்தில் அது எங்கிருந்து வந்தது என்று இருக்கவேண்டும்.

எழுதி முடித்ததும் கட்டுரைப் பட்டியலையும் எண்களையும் அந்த ஆய்வாளருக்கே அனுப்பிச் சரிபார்க்கச் சொல்லுங்கள். மதிப்பிடப்படுகிறவருக்குத் தரவைச் சரிபார்க்க வாய்ப்பு தரவேண்டும் என்று 2015-ல் நேச்சரில் வந்த லெய்டன் கொள்கை விளக்கமும் சொல்கிறது. நான் அனுப்பிய ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு திருத்தம் வந்திருக்கிறது. ஒருமுறை பழைய பெயரில் எழுதிய ஆறு கட்டுரைகள் வந்தன. இன்னொருமுறை ஒருவர் "இந்த இரண்டும் என்னுடையது இல்லை, எடுத்துவிடுங்கள்" என்று எழுதியிருந்தார், இரண்டும் நல்ல மேற்கோள் உள்ளவை. நான் எடுத்துவிட்டு, குறிப்பின் அடியில் அவர் சொல்லித்தான் எடுத்தேன் என்றும் எழுதிவைத்தேன்.